முத்துப்பட்டன் கதையை இன்றைய இசைப் படைப்பாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாட்டார் கதை ஒன்றை எடுத்து, இன்றைய கருவிகளோடும் குரல்களோடும் 20 நிமிட இசைப் படைப்பாக ஆக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் முத்துப்பட்டன் கதை. நான் முழுதாகச் செய்து பார்த்தது அதைத்தான். பிறகு சில இளைஞர் குழுக்களுடனும் இருந்து பார்த்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறினார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு பீட் போட்டுவிட்டு, அதன் மேல் கதையை ஏற்றப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் கடைசியில் வர வேண்டும். கதை, சொல், தாளம், மெட்டு, கருவி என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஏன் இந்த வரிசை என்பதை அந்தந்தப் படியில் சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன், அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டைவிட்டுப் போனவன். திரும்பும் வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு சகோதரிகளின் பாட்டைக் கேட்டு மயங்குகிறான். அவர்கள் தோல் வேலை செய்யும் வாலப்பகடையின் பெண்கள். அண்ணன்மார் அவனைக் கல்லறைக்குள், அதாவது கல்லால் ஆன அறைக்குள், அடைத்துவைக்க, அவன் தப்பி வருகிறான். குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றால்தான் பெண் தருவேன் என்கிறார் வாலப்பகடை. அவனும் கற்கிறான், மணம் முடிக்கிறான். கல்யாண இரவிலேயே மாட்டுப்பட்டியில் கள்ளர் புகுந்த செய்தி வருகிறது. போய்ச் சண்டையிட்டு மாடுகளை மீட்கிறான். ஒளிந்திருந்த ஒருவன் குத்த, இறக்கிறான். அவன் நாய் செய்தியோடு ஓடிவர, பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக இன்றும் அவனுக்குப் பூசை நடக்கிறது.

தொடங்குமுன் தேவையானவை

வில்லுப்பாட்டு பாடும் ஒரு அண்ணாவியின் (குழுவின் தலைமைப் பாடகர்) அறிமுகம் முதலில் வேண்டும். இது இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஒரு சுருதிப்பெட்டி, ஒலிப்பதிவு செய்ய ஒரு போன், ஒரு நோட்டு. தோல் கருவி வாசிப்பவர் ஒருவர், பாடுகிறவர்கள் மூன்று பேர் (ஆண் ஒன்று, பெண் இரண்டு). கையில் ஆறு மாத காலம். கலைஞர்களுக்குக் கொடுக்கத் தனியாக எடுத்துவைத்த பணம். ஸ்டூடியோ வாடகை போக மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்று வைத்தால் மிச்சம் இருக்காது.

1. முதலில் கேளுங்கள், பிறகு படியுங்கள்

புத்தகத்தில் தொடங்கினால் கதை உங்களுக்குச் செய்தியாகத்தான் வந்து சேரும். எந்த வரி இரண்டு முறை வருகிறது, எங்கே மூச்சு விடுகிறார்கள், எங்கே பாட்டு நின்று பேச்சு தொடங்குகிறது என்பது அச்சில் இருக்காது. உங்களுக்கு வேண்டியதோ அதுதான்.

கோயில் கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், உட்கார்ந்து ஒரு முழு இரவு கேளுங்கள். வில்லின் நாணில் வீசுகோல் விழும்போது மணிகள் சேர்ந்து ஒலிப்பதையும், குடத்தின் வாயில் மட்டை விழும்போது வரும் அடர்ந்த ஓசையையும் தனித்தனியாகக் கவனியுங்கள். அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அந்த ‘ஆமா’ விழும் இடங்களை மட்டும் ஒரு இரவு முழுக்க நோட்டில் குறித்தேன். பாட்டின் வாக்கியங்கள் எங்கே முடிகின்றன என்ற வரைபடமே கைக்கு வந்துவிட்டது. பின்னால் இசையமைக்கும்போது அந்தப் பக்கங்களைத்தான் அதிகம் புரட்டினேன்.

ஒலிப்பதிவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கதையின் சில கட்டங்களில் சாமி வரும். அப்போது போனை நீட்டிக்கொண்டு நிற்பது சரியில்லை.

2. எந்த வடிவம் என்று முடிவெடுங்கள்

வாய்மொழிக் கதைக்கு ஒரே வடிவம் கிடையாது. முத்துப்பட்டன் கதையில் இந்த வேறுபாடு கதையின் பொருளையே மாற்றிவிடுகிறது. ஒரு வடிவத்தில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் சொந்தப் பெண்கள். இன்னொரு வடிவத்தில், அவர்கள் பிராமணக் குடும்பத்தில் பிறந்து காட்டில் விடப்பட்டு, வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள். இந்தப் பிறப்புக் கதை பின்னால் சேர்க்கப்பட்டது என்பது நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலையின் முடிவு. அவர் பதிப்பித்து 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பதிப்பின் முன்னுரையை, முதல் படி முடிந்த பிறகு, கட்டாயம் படியுங்கள்.

நான் முதல் வடிவத்தைத்தான் எடுத்தேன். பெண்களும் பிறப்பால் பிராமணர்கள்தான் என்று ஆக்கிவிட்டால், பட்டன் பூணூலைக் களைந்ததற்குக் கனம் ஏது? புதிதாக வருகிறவர்களில் சிலர் இன்னும் ஒரு படி போய், சாதியையே எடுத்துவிட்டு ‘காதல் கதை’யாக மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அதை எடுத்தால் அண்ணன்மார் ஏன் அடைத்தார்கள், வாலப்பகடை ஏன் அந்த நிபந்தனை போட்டார் என்ற இரண்டு காட்சிகளும் விழுந்துவிடும். மிஞ்சுவது எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு கதை. அதற்கு வில்லும் குடமும் எதற்கு?

முடிவெடுத்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவில் எல்லோருக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் பாடலாசிரியர் ஒரு வடிவத்தையும் பாடகர் இன்னொரு வடிவத்தையும் மனதில் வைத்து வேலை செய்வார்கள். பாதி வழியில்தான் அது வெளியே தெரியும்.

3. அனுமதி, உரிமை

கதை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆனால் ஒருவர் எழுதிய வரிகளும் ஒருவர் பாடிய பதிவும் அப்படியல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் எழுத்துக்கு உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். நிகழ்த்தியவருக்குத் தம் நிகழ்ச்சியின் மேல் 50 ஆண்டுகள் உரிமை இருக்கிறது. ஆகவே ஒரு பழைய கேசட்டிலிருந்து நான்கு விநாடி வெட்டி எடுத்து லூப் ஆக்குவது, ‘நாட்டுப்புறம்தானே’ என்பதால் சரியாகிவிடாது.

சட்டத்துக்கு வெளியே இன்னொரு அனுமதி இருக்கிறது. எந்தப் பகுதியைக் கோயிலுக்கு வெளியே பாடலாம், எதைப் பாடக்கூடாது என்று அண்ணாவியிடம் கேளுங்கள். சாமியை அழைக்கும் அடியும் அந்த வரிகளும் எங்களுக்கு ‘வேண்டாம் தம்பி’ என்று சொல்லப்பட்டன. நாங்கள் விட்டுவிட்டோம். அந்த இடத்தில் புதிதாகச் செய்ய வேண்டியிருந்ததால்தான் எங்கள் படைப்பின் நல்ல பகுதி ஒன்று பிறந்தது. இதை இப்போதே கேட்டுவிட வேண்டும். பதிவெல்லாம் முடிந்த பிறகு கேட்டால், அது அனுமதி கேட்பதாக இருக்காது.

4. கதைக்குள் ஒலிக்கும் பொருளைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலும் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொரு கதைக்குள்ளும் சத்தம் போடும் ஒரு பொருள் இருக்கும். நல்லதங்காளுக்குக் கிணறு. முத்துப்பட்டனுக்குத் தோல்.

இதை நான் மேசையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காரையாற்றுக்குப் போயிருந்தபோது பார்த்தது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில் அது. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் நெரியும். பட்டவராயன் சன்னதியில் பக்தர்கள் காணிக்கையாகக் கட்டிய தோல் செருப்புகள் தொங்கும். பட்டவராயன் இரவில் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருவதாக நம்பிக்கை. அதனால் அடி தேய்ந்து போகும் என்பார்கள். ஒரு ஜோடியை நெருங்கிப் பார்த்தேன். வார் ஓரத்தில் நூல் வெளுத்திருந்தது. காற்றில் ஒன்றோடொன்று மோதி ‘டொப்… டொப்’ என்றது. அந்த ஓசையைத்தான் ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் தொடையில் தட்டிக்கொண்டே வந்தேன்.

அவன் காக்கப் போன மாடு, அவன் தைத்த செருப்பு, அவன் கதைக்கு அடிக்கும் கருவி எல்லாம் தோல்தான். இதைப் பிடித்துக்கொண்டதும் பல கேள்விகளுக்குத் தானாக விடை கிடைத்தது. டிரம்ஸ் வேண்டுமா? வேண்டாம், பறையும் உடுக்கையும் போதும். செருப்புத் தைக்கும் காட்சிக்கு என்ன தாளம்? தோலை மரச்சுத்தியால் தட்டும் ஓசையே தாளம். கருவிப் பட்டியலை முதலில் போட்டால் இதெல்லாம் கிடைத்திருக்காது.

5. ஐந்து காட்சிகளுக்கு மேல் வேண்டாம்

இரவு முழுக்கப் பாடும் கதையை 20 நிமிடத்துக்குள் ‘சுருக்க’ முடியாது. தேர்ந்தெடுக்கத்தான் முடியும். சுருக்கப் பார்த்தால் எல்லாக் காட்சியும் ஓடிக்கொண்டே இருக்கும், எதுவும் மனதில் நிற்காது.

நாங்கள் எடுத்தவை: தூரத்தில் கேட்கும் சகோதரிகளின் பாட்டு, கல்லறை இருட்டு, செருப்புத் தைத்தல், மாட்டுப்பட்டி இரவு, செய்தியோடு நாய் ஓடிவருதல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: பாட்டு, பேச்சு, கருவி மட்டும். கதையை நகர்த்தும் செய்தி பேச்சுக்குப் போகட்டும். மனம் நிற்கும் இடம் பாட்டுக்கு. வில்லுப்பாட்டே இந்தப் பங்கீட்டில்தான் நடக்கிறது. ‘அண்ணன்மார் அவனைத் தேடி வந்தார்கள்’ என்பதற்கு மெட்டுப் போட்டு இரண்டு நிமிடம் வீணாக்கிய குழுவைப் பார்த்திருக்கிறேன். பேச்சில் அது ஆறு விநாடி.

தீயில் இறங்கும் காட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் பெருமைப்படுத்தும் பாட்டாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்காகக் கதையை மாற்றவும் விரும்பவில்லை. நாய் வந்ததும் தோல் கருவிகள் எல்லாம் நின்றுவிடும். முதல் காட்சியில் கேட்ட சகோதரிகளின் மெட்டு, ஒரே வரி, இரண்டு குரலில் திரும்ப வரும். அவ்வளவுதான். கதை தெரிந்தவர்களுக்கு அது போதும். தெரியாதவர்களும் என்னவோ நடந்துவிட்டது என்று உணர்கிறார்கள்.

6. வரிகளை வாயால் எழுதுங்கள்

முதல் முயற்சியில் எங்கள் பாடலாசிரியர் கொண்டுவந்தது இப்படி இருந்தது: ‘குலத்தின் பெருமையைத் துறந்து தோல் தொழிலைக் கற்றுக்கொண்டான் பட்டன்.’ தப்பில்லை. ஆனால் பாட முடியாது, கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. பலமுறை திருத்திய பிறகு வந்தது இது:

பூணூலை அறுத்துப் போட்டான் – மாமன்
புதுத்தோலை மடியில் போட்டான்
ஊசி குத்தி ரத்தம் வந்தா – பட்டன்
ஒருவார்த்த பேசலையே

ஒரு வரிக்கு ஒரு செயல்தான். துறந்தான், பெருமை, தியாகம் என்ற சொற்கள் இல்லை. ‘போட்டான்’ இரண்டு முறை வருவதால் கேட்பவர் இரண்டாம் வரியிலேயே சேர்ந்துகொள்வார். பூ–பு, ஊ–ஒ என்று மோனை விழுவதால் பாடுகிறவருக்கு மனப்பாடம் செய்வது எளிது. வாய்மொழிப் பாட்டில் மோனை நினைவுக்கான கைப்பிடி. அழகு அப்புறம்தான்.

எழுதியதும் தாளம் இல்லாமல், பேசுவது போல 10 முறை சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல்லில் நாக்கு தடுக்குகிறதோ அதை மாற்றுங்கள். வட்டார வழக்கு உங்களுடையது இல்லை என்றால், அதைப் பேசுகிற ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். சென்னையில் இருந்துகொண்டு ‘ஏலே’ என்று நான்கு இடத்தில் போடுவதால் நெல்லைத் தமிழ் வந்துவிடாது.

7. தாளம் முதலில், மெட்டு பின்னால்

வரிகளின் குறில் நெடிலே தாளத்தைச் சொல்லிவிடும். கையைத் தட்டிக்கொண்டு வரியைச் சொல்லுங்கள். மேலே உள்ள வரிகள் மூன்றின் நடையில், அதாவது தகிட தகிட என்று, தாமாகவே உட்காருகின்றன.

எங்கள் முதல் வடிவம் கெட்டது இங்கேதான். நான்கின் நடையில், நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு பீட் முன்பே தயாராக இருந்தது. அதற்குள் வரியைத் திணித்தோம். ‘மடியில்’ என்ற சொல்லின் முதல் எழுத்து அழுத்தமான அடியில் விழுந்து நீண்டுவிட்டது. பாடகி ‘மாடியில் போட்டான்’ என்றுதான் பாட முடிந்தது. கேட்டவர்களுக்குத் தோல் மாடிக்குப் போய்விட்டது. குறில் நெடிலானால் தமிழில் சொல்லே மாறிவிடும். இதைப் பதிவுக்குப் பிறகு திருத்த வழி கிடையாது. பீட்டைத் தூக்கிப் போட்டோம்.

வேகத்தையும் ஒரே எண்ணில் பூட்டாதீர்கள். நான் கேட்ட கொடைகளில் கதை முறுகும்போது வேகமும் ஏறியது. நாங்கள் செருப்புத் தைக்கும் காட்சியை 84-ல் தொடங்கி, மாட்டுப்பட்டியில் 126 வரை கொண்டுபோனோம். படிப்படியாக ஏறியதால் கேட்பவருக்கு அது தெரியாது. நெஞ்சு மட்டும் படபடக்கும்.

8. மெட்டு: நான்கைந்து ஸ்வரம் போதும்

இந்தக் கதைப்பாட்டு மெட்டுகளில் பல, சிறிய எல்லைக்குள் சுற்றிச் சுற்றி வருபவை. காரணம் எளிது. மணிக்கணக்கில் பாட வேண்டும், சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். சங்கீதம் கற்றவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ஒரு ராகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதன் எல்லாப் பிடிகளையும் காட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒரு காட்சிக்கு ஒரு சிறு மெட்டு. அதன் கடைசி ஸ்வரத்தை மட்டும் காட்சிக்கேற்ப மாற்றுங்கள்.

சுருதியை முதல் நாளே முடிவு செய்யுங்கள். எங்கள் பட்டனுக்கு 1 கட்டை, சகோதரிகளுக்கு 5 கட்டை. ஒன்றாம் கட்டையின் பஞ்சமம்தான் ஐந்தாம் கட்டை என்பதால் ஒரே சுருதிப்பெட்டி ஒலி இருவருக்கும் பொருந்தியது. குரலுக்குக் குரல் தாவும்போது வெட்டுத் தெரியவில்லை.

ஒப்பாரிச் சாயல் வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழே இறங்கும் வரிகளாக வையுங்கள். கடைசிச் சொல்லில் குரல் உடைந்தால் உடையட்டும்.

9. இன்றைய கருவிகளைச் சேர்த்தல்

இப்போதுதான் கீபோர்டு, கிட்டார், செல்லோ எல்லாம் உள்ளே வரலாம். ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது, இது இல்லாமல் எது குறைகிறது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் வேண்டாம்.

கார்டு (chord, பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) விஷயத்தில் கவனமாக இருங்கள். கல்லறைக் காட்சிக்கு நாங்கள் போட்ட மெட்டில் காந்தாரமே கிடையாது. ச, ரி, ம, ப, நி மட்டும். கீபோர்டு வாசித்த நண்பர் பழக்கத்தில் மேஜர் கார்டு வைத்தார். உடனே அந்தரகாந்தாரம் உள்ளே நுழைந்து, இருட்டு அறையில் விளக்கைப் போட்டது போல் ஆகிவிட்டது. மைனர் வைத்தால் சோகம் என்று முன்கூட்டியே தீர்ப்பு. மெட்டில் இல்லாத ஸ்வரத்தைக் கார்டில் சேர்க்காதீர்கள். சட்ஜமும் பஞ்சமமும் செல்லோவில் நீளமாக நின்றதே போதுமாக இருந்தது.

வில்லும் குடமும் எல்லா இடத்திலும் ஒலித்தால் அலங்காரமாகிவிடும். கதை சொல்லும் குரல் வரும்போது மட்டும் வையுங்கள். வில் கேட்டால் கதை நகர்கிறது என்று கேட்பவர் காது பழகிக்கொள்ளும்.

10. ஒத்திகை

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, மைக் இல்லாமல் முழுவதையும் பாடுங்கள். நாட்டார் கலைஞர்கள் கையில் ஸ்வரத் தாளைக் கொடுக்காதீர்கள். கதையைச் சொல்லுங்கள், ‘இங்க பட்டன் வெளிய வாறான்’ என்று. அவர் தன் அடியைப் போடுவார். அதற்குள் கிட்டார் வாசிப்பவர் நுழையட்டும். மாறாக, கிட்டாருக்குள் அவரை நுழையச் சொன்னால் அவர் வாசிப்பின் உயிரே போய்விடும்.

11. ஒலிப்பதிவு

தாளம் காட்டும் கிளிக் ஓசையை ஹெட்போனில் கொடுத்து உடுக்கை வாசிக்கச் சொல்லாதீர்கள். முதலில் குரலும் தோல் கருவியும் சேர்ந்து ஓடட்டும். அதைப் பதிவு செய்து, அதன் வேகத்துக்குக் கம்ப்யூட்டரில் தாளக் கட்டங்களை வளையுங்கள். மற்ற கருவிகளை அதன் மேல் பதியுங்கள். வேலை கூடும்தான். ஆனால் வரிசையைக் கடைசிவரை காப்பாற்றுவது இதுதான்.

பறைக்குச் சூடு காட்ட வசதி இருக்கிறதா என்று ஸ்டூடியோவை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏசி அறையில் கொஞ்ச நேரத்தில் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகும். இரண்டு டேக்குக்கு நடுவே வெளியே போய்க் காய்ச்சி வர நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் பதிந்த ஒரு இடத்தில் இதைச் சொல்லாமல் போய் அரை நாள் வீணானது. குடத்துக்கு வாய்ப்பக்கம் ஒரு மைக், வில்மணிக்கு மேலே ஒன்று. மணி எல்லா மைக்கிலும் கசியும் என்பதால் குரலைத் தனியாகப் பதிய வேண்டுமானால் வில்லை முன்பே முடித்துவிடுங்கள்.

குரலுக்குப் பிட்ச் கரெக்ஷன் போடவே போடாதீர்கள். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே அந்தக் குரல் நிற்கும் இடம் பிழை இல்லை.

12. வெளியிடும் முன்

கதை தெரியாத இருவரிடம் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று கேளுங்கள். செருப்பும் நாயும் அவர்கள் பதிலில் வர வேண்டும். வராவிட்டால் பேச்சுப் பகுதியில் ஒரு வரி குறைகிறது. எங்களுக்கு வாலப்பகடையின் நிபந்தனை புரியவில்லை என்றார்கள். இரண்டு வரி சேர்த்துப் பதிந்தோம்.

பிறகு அண்ணாவியிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் பெயர், குடம் அடித்தவர் பெயர், பறை வாசித்தவர் பெயர் எல்லாம் எங்கே, எப்படி வரும் என்பதை எழுதிக் காட்டுங்கள். வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணாவி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வரும் கொடையில் பட்டவராயன் முன்னால் செருப்புக் காட்சியை மட்டும் ஒருமுறை பாடிவிட்டு அப்புறம் வெளியிடுங்கள் என்றார். நாங்கள் அப்படியே செய்தோம்.